ஒரு நிமிடத்தில் பாதியாகும் வாயு

புளியங்குளம் சந்தியில் ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் நெடுங்கேணி. அதைக் கடந்தால் முல்லைத்தீவு. அங்கிருந்து தெற்கே கொக்கிளாயைத் தாண்டிப் புல்மோட்டைக் கரை. அக்கரையின் கறுத்த மணலில் இல்மனைற்றோடு சிறிதளவு மொனசைற்றும் உண்டு. மொனசைற்றில் தோரியம் இருக்கிறது. தோரியத்தின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டு. ஆனால் அதன் வழிவந்த தோரன் என்னும் வாயுவுக்கோ 55.6 செக்கன்தான்.

மனிதர் முதன்முதலில் அளந்த அரை ஆயுட்காலம் இந்தத் தோரனுடையதே. மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இரதர்போர்ட், தோரியம் ஒட்சைட்டின் மேலாகக் காற்றைச் செலுத்தி, அக்காற்றை ஓர் உலோகக் கலத்துக்குள் விட்டார். காற்று அயனாகி மின்னைக் கடத்தியது. ஓட்டத்தை நிறுத்தியதும் மின்மானியின் காட்டி தளரத் தொடங்கியது: ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் பாதி, அடுத்த நிமிடத்தில் அதிலும் பாதி. 1900இல் இதை வெளியிட்டார். நிறுக்கவோ கண்ணால் காணவோ முடியாத அளவு வாயு அது. சூடாக்கினாலும் குளிர்வித்தாலும் அது தேயும் வேகம் மாறுவதில்லை. அதனாலேயே அந்த வேகம் அதன் அடையாளமாயிற்று.

அந்த அடையாளத்தின் வலிமையை நிறுவியது இலங்கைக் கல் என்பதை நம் மாணவர் அறியவேண்டும். கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைச் சிற்பத்தோடும் நடராசர் திருவுருவத்தோடும் சேர்த்தே நினைக்கிறோம். அவர் முதலில் புவிச்சரிதவியலாளர். இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கியவர். 1904இல் வெளிப்பட்ட தோரியனைற்று என்ற கறுத்த, மிகப் பாரமான கனியம் அவர் பெயரோடு பிணைந்தது. அக்கனியத்திலிருந்து பெற்ற பேரியம் உப்பை, இலண்டனில் வில்லியம் இராம்சே இளம் ஓட்டோ ஹானிடம் கொடுத்து ரேடியத்தைப் பிரிக்கச் சொன்னார். பிரித்தெடுக்கையில், ரேடியமல்லாத ஒரு பகுதியிலிருந்தும் கதிர்த்தொழிற்பாடு வந்தது. அது வெளிவிட்ட வாயு ஒரு நிமிடத்தில் பாதியாயிற்று, ஆகவே தோரன். ஆனால் அவ்வளவு தோரனைக் கொடுக்கும் அளவுக்கு அங்கே தோரியம் இல்லை. இடையில் நின்ற புதிய பொருளை 1905இல் ஹான் இனங்கண்டு ரேடியோதோரியம் என்றார். இன்று அது தோரியம்-228, அரை ஆயுட்காலம் 1.9 ஆண்டு. பின்னாளில் கருப்பிளவைக் கண்டறிந்த மனிதரின் முதற் கண்டுபிடிப்பு அது.

மின்சாரமில்லாத வன்னி இரவுகளில் எரிந்த பெற்றோமாக்ஸின் பழைய மென்ரில்களில் பெரும்பங்கு தோரியம் ஒட்சைட்டுத்தான். அவற்றைக் கொண்டு இரதர்போர்ட்டின் அளவீட்டைப் பள்ளியிலும் செய்துபார்க்கலாம். எரிந்த மென்ரிலின் தூளை மூச்சில் இழுக்கக்கூடாது. எரியாத ஒன்றை மூடிய போத்தலில் ஆசிரியரே வைத்துக் கையாளவேண்டும். வடிகட்டி வழியே அந்தப் போத்தல் காற்றை அயனாக்க அறைக்குள் செலுத்தி, ஓட்டத்தை நிறுத்தியபின் 15 செக்கனுக்கு ஒருமுறை வாசிப்பு எடுக்கலாம். தடித்த சுவருள்ள கைகர் குழாய் இதற்கு உதவாது. தோரன் விடும் அல்பாத் துணிக்கை அச்சுவரைத் துளைக்காது. பின்னணி வாசிப்பை முதலில் எடுத்துக் கழித்துவிட வேண்டும். அவசரத்தில் விடுபடுவது பெரும்பாலும் இதுவே. இயற்கை மடக்கை வரைபு நேர்கோடாக விழும், 0.693ஐ அதன் சாய்வின் பருமனால் வகுத்தால் அரை ஆயுட்காலம்.

காற்றை நெடுநேரம் செலுத்தியிருந்தால் கோடு அடிவரை இறங்காது. தோரன் சிதைந்து சுவரில் படிந்த ஈயம்-212 அங்கே தன் வேலையைத் தொடங்கியிருக்கும். அதன் அரை ஆயுட்காலம் 10.6 மணித்தியாலம், அதை அளக்க மறுநாளும் வாசிப்பு எடுக்கவேண்டும்.