வெற்றிட மென்படலப் பூச்சில் எலக்ட்ரான் கற்றையின் இயக்கக் கட்டுப்பாடு: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வெற்றிடத்தில் ஒரு பொருளை ஆவியாக்கி மற்றொரு பொருளின்மீது மெல்லிய படலமாகப் படியவைக்கும் நுட்பத்தில் எலக்ட்ரான் கற்றை வெப்ப மூலமாகப் பயன்படுகிறது. இந்நுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் கற்றையின் ஆற்றலை மையமாக வைத்தே சொல்லப்படுகிறது. கற்றையை உண்டாக்குவதைவிட அதனை வளைப்பதும், குறித்த இடத்தில் நிறுத்துவதும், அலையவைப்பதுமே இந்நுட்பத்தைப் பயன்பாட்டுக்குரியதாக ஆக்கின என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. 19ஆம் நூற்றாண்டின் எதிர்மின்வாய்க் கதிர் ஆய்வுகள் முதல் கணினிவழி அலைவுக் கட்டுப்பாடு வரையிலான வளர்ச்சி இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: எலக்ட்ரான் கற்றை, மென்படலம், வெற்றிட ஆவியாக்கல், காந்தப்புலம், கற்றை அலைவு, மூசை.

முன்னுரை

மூக்குக்கண்ணாடியின் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு, தொலைநோக்கியின் ஆடி, லேசர் கருவியின் வடிகட்டி, வானூர்தி எந்திரத்தின் விசையாழி அலகு ஆகியன தோற்றத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. எனினும் இவை யாவும் தம் மேற்பரப்பில் படிந்த ஒரு படலத்தால் பயன்பெறுபவை. ஒளியியல் படலங்களின் தடிமன் மிக நுண்ணியது. பச்சை ஒளிக்கு ஏற்ற மக்னீசியம் ஃபுளோரைடு எதிரொளிப்புத் தடுப்புப் படலம் ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிமன் உடையது. அத்தடிமன் சில விழுக்காடு மாறினாலும் படலம் செயற்படும் ஒளியின் அலைநீளம் மாறிவிடும். ஆகவே பொருள் எவ்வளவு ஆவியாகிறது என்பதுபோலவே, அந்த ஆவி எத்திசையில் எவ்வாறு பரவுகிறது என்பதும் இன்றியமையாதது. அப்பரவலைத் தீர்மானிப்பது கற்றை விழும் இடம்.

கலைச்சொல் குறித்து ஒன்று சொல்லவேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எலக்ட்ரான் என்று வழங்குவதை இலங்கைப் பாடநூல்கள் இலத்திரன் என்று வழங்குகின்றன. இக்கட்டுரை முன்னதைக் கையாள்கிறது. உருக்கும் பொருளை இடும் கலத்திற்குப் பொற்கொல்லர் வழக்கிலுள்ள மூசை என்ற சொல்லே இங்கு ஏற்கப்பட்டுள்ளது.

1. வளைவும் வெப்பமும்: தொடக்ககால ஆய்வுகள்

காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாயினுள் தோன்றும் ஒளிர்வைக் காந்தம் இடம்பெயர்க்கிறது என்பதை 1858இல் ஜெர்மானிய அறிஞர் யூலியஸ் ப்ளூக்கர் கண்டறிந்தார். அவருடைய மாணவர் ஹிட்டார்ஃப் 1869இல் இக்கதிர்கள் நேர்கோட்டில் சென்று நிழலை உண்டாக்குவதையும் காந்தத்தால் வளைவதையும் விளக்கினார். 1879இல் ஷெஃபீல்டு நகரில் நிகழ்த்திய புகழ்பெற்ற உரையில் வில்லியம் குரூக்ஸ், குழிந்த எதிர்மின்வாயிலிருந்து வரும் கதிர்களை ஒரு புள்ளியில் குவித்து, அங்கு வைக்கப்பட்ட பிளாட்டின உலோகத்தை வெண்சூடாக்கி உருக்கிக் காட்டினார்.

இவ்விரு பண்புகளும் ஒரே கதிரைச் சார்ந்தவை. ஆயினும் அவை இரு வேறு வழிகளில் வளர்ந்தன என்பது வரலாற்று நோக்கில் கவனத்திற்குரியது. வளையும் பண்பு அளவீட்டுக்குப் பயன்பட்டது. ஜே. ஜே. தாம்சன் 1897இல் மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் கதிரை விலக்கி, எலக்ட்ரானின் மின்னூட்டத்திற்கும் நிறைக்குமான விகிதத்தைக் கணித்தார். அதே ஆண்டில் ஃபெர்டினாண்ட் பிரவுன் காந்தச் சுருளால் கதிரை அசைத்து மின்னோட்ட மாறுதல்களைத் திரையில் காட்டும் குழாயை அமைத்தார். வெப்பமாக்கும் பண்போ உலோகவியலை நோக்கிச் சென்றது. பெர்லினில் சீமென்ஸ் அண்டு ஹால்ஸ்கே நிறுவனத்தில் பணியாற்றிய மார்செல்லோ பிரானி, டாண்டலம் போன்ற உயர் உருகுநிலை உலோகங்களை வெற்றிடத்தில் இக்கதிர்களால் உருக்கும் முறைக்கு 1907இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். உருகும் உலோகம் வெளியிடும் வாயுவை விரைந்து நீக்கவல்ல பம்புகள் அக்காலத்தில் இல்லை. எனவே இம்முறை தொழிலாக வளர நெடுங்காலம் பிடித்தது.

2. குவித்தலும் வருடலும்

கற்றையை ஆளும் அறிவு அடுத்து நுண்ணோக்கியின் வழியே முன்னேறியது. ஒரு கம்பிச்சுருளின் காந்தப்புலம் எலக்ட்ரான்களுக்கு வில்லைபோல் செயற்படும் என்பதை ஹான்ஸ் புஷ் 1926இல் கோட்பாட்டளவில் காட்டினார். அதன் அடிப்படையில் மாக்ஸ் நோலும் எர்ன்ஸ்ட் ரஸ்காவும் 1931இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் முதல் வடிவத்தை அமைத்தனர். மான்ஃபிரட் ஃபான் ஆர்டென்னே 1930களின் இறுதியில் நுண்ணிய கற்றையை ஒரு பரப்பின்மீது வரிசை வரிசையாக வருடச்செய்து உருவம் பெறும் நுண்ணோக்கியை உருவாக்கினார். வருடல் என்னும் இச்செயல் பின்னாளில் மூசையின்மீதும் நிகழவிருந்தது.

3. ஆவியாக்கலின் எல்லை

இதே காலத்தில் மென்படல நுட்பம் எலக்ட்ரான் கற்றையின்றியே வளர்ந்துவந்தது. போல், பிரிங்ஸ்ஹைம் ஆகியோர் 1912இல் வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கி ஆடி செய்யும் முறையை விளக்கினர். 1930களில் ஜான் ஸ்டிராங் தொலைநோக்கி ஆடிகளுக்கு அலுமினியம் பூசினார். 1935இல் ட்சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா எதிரொளிப்புத் தடுப்புப் படலத்திற்குக் காப்புரிமை பெற்றார்.

இம்முறைகளில் வெப்ப மூலமாக அமைந்தது மின்னோட்டத்தால் சூடேறும் டங்ஸ்டன் கம்பி அல்லது தகட்டுக் கலம். இதற்கு இரு எல்லைகள் உண்டு. முதலாவது, கலம் தன்னுள் இருக்கும் பொருளைவிடச் சூடாக இருக்கவேண்டும். ஆகவே டாண்டலம் போன்றவற்றை ஆவியாக்குவது அரிது. இரண்டாவது, சூடான கலம் உருகிய பொருளோடு வினைபுரிந்து அதனை மாசுபடுத்தும். எலக்ட்ரான் கற்றை இந்நிலையைத் தலைகீழாக்கியது. நீரால் குளிரூட்டப்பட்ட செம்பு மூசையில் பொருளை இட்டு, மேலிருந்து கற்றையால் தாக்கினால் பொருளின் மேற்பரப்பு மட்டுமே உருகும். செம்பை ஒட்டிய பகுதி திண்மமாகவே இருப்பதால் பொருளுக்குத் தானே கலமாகிறது.

4. 270 பாகை வளைவு

கற்றை மேலிருந்து விழவேண்டும். ஆவியும் மேல்நோக்கியே எழும். கற்றையை உமிழும் மின்னிழையை மூசைக்கு நேர் மேலே வைத்தால் அதன்மீது ஆவி படியும். இழையின் டங்ஸ்டன் உருகிய பொருளில் கலக்கும். பூசவேண்டிய பொருளும் மறைபடும். இச்சிக்கலுக்குக் காந்தமே தீர்வளித்தது. மின்னிழையை மூசையின் கீழே மறைத்துவைத்து, இருபுறமும் அமைந்த காந்த முனைகளின் புலத்தால் கற்றையை வட்டமாக 270 பாகை வளைத்து மூசையின் மையத்தில் விழச்செய்தனர். 1950களில் எலக்ட்ரான் கற்றை உலைகளில் பணியாற்றிய கலிபோர்னியாவின் டெமெஸ்கல் நிறுவனம் இவ்வகை மூலங்களைப் பரவலாக்கியவற்றுள் முதன்மையானது. 1960கள் முதல் ஆய்வகங்களில் இவ்வமைப்பு நிலைபெற்றது.

இவ்வமைப்பின் எண்கள் எளியவை. 10,000 வோல்ட்டில் முடுக்கப்பட்ட எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் செல்கிறது. 0.01 டெஸ்லா காந்தப்புலத்தில் அதன் பாதையின் ஆரம் சுமார் 3.4 செ.மீ. ஆகவே உள்ளங்கை அளவிலான கருவிக்குள் முழு வளைவும் அடங்கிவிடுகிறது. 0.6 ஆம்பியர் மின்னோட்டமெனில் 6 கிலோவாட் திறன் ஒரு சிறுபரப்பில் இறங்குகிறது.

காந்தத்தின் மற்றொரு பயனும் குறிப்பிடத்தக்கது. தங்கம் போன்ற கனமான தனிமங்களில் விழும் எலக்ட்ரான்களில் ஏறத்தாழப் பாதி திரும்பத் தெறிக்கின்றன. அவற்றையும் காந்தப்புலம் வளைப்பதால் பூசப்படும் பொருளின்மீது அவை விழுவது பெரிதும் குறைகிறது.

இதில் ஓர் இடரும் உள்ளது. பாதையின் ஆரம் மின்னழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மின்னழுத்தம் 10,000 வோல்ட்டிலிருந்து 8,000 வோல்ட்டாகத் தாழ்ந்தால் ஆரம் 3.4 செ.மீ.இலிருந்து 3.0 செ.மீ.ஆகக் குறைந்து, கற்றை பொருளை விட்டு விலகிச் செம்பு மூசையின் விளிம்பைத் தாக்கும். செம்பு ஆவி படலத்தில் கலக்கலாம். நீர்க்குழாயே துளைபடவும் கூடும். எனவே இக்கருவிகளில் மின்னழுத்த நிலைப்பாடு என்பது கற்றையின் இருப்பிடக் கட்டுப்பாடே எனலாம். வளைவு ஒரு சிக்கலைத் தீர்த்துப் புதியதொரு கட்டுப்பாட்டுத் தேவையை உண்டாக்கியது.

5. அலைவின் தேவை

வளைத்த கற்றையை ஒரே புள்ளியில் நிறுத்துவது எல்லாப் பொருளுக்கும் பொருந்தவில்லை. உலோகங்களுள் பல உருகிக் குளமாகி வெப்பத்தைத் தாமே பரப்பிக்கொள்கின்றன. குரோமியம் உருகாமல் பதங்கமாகிறது. சிலிக்கன் டை ஆக்சைடு வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. இவற்றின்மீது நிலையாக நிற்கும் கற்றை குழி தோண்டுகிறது. குழியிலிருந்து எழும் ஆவி குழியின் சுவர்களால் நெறிப்பட்டு ஒடுங்கிய வீச்சாகிறது. பூசப்படும் வில்லைகளின் நடுவில் ஒரு தடிமனும் ஓரத்தில் வேறொரு தடிமனும் அமைய இதுவே காரணமாகிறது.

எனவே நிலைக்காந்தத்தோடு மின்காந்தச் சுருள்கள் இணைக்கப்பட்டன. முதன்மைப் புலத்தைக் கூட்டிக் குறைக்கும் சுருள் கற்றையை முன்பின்னாகவும், குறுக்குப் புலத்தைத் தரும் மற்றொரு இணை இடம்வலமாகவும் நகர்த்தின. பிரவுனின் குழாயில் அளவீட்டுக்குப் பயன்பட்ட விலக்கம், குரூக்ஸின் குழாயில் உருக்கப் பயன்பட்ட வெப்பத்தோடு இங்குதான் ஒன்றிணைந்தது. எளிய அமைப்புகளில் சுருளுக்கு மாறுமின்னோட்டம் தரப்பட்டுக் கற்றை முன்னும்பின்னும் அசைந்தது. ஆனால் சைன் அலையில் செல்லும் கற்றை இரு கோடிகளில் திரும்பும்போது வேகம் குறைவதால் அங்கு மிகுதியாக வெப்பம் இறங்கும். முக்கோண அலை, சுருள்வட்டப் பாதை எனப் பல வடிவங்கள் முயலப்பட்டதற்கு இதுவே காரணம்.

வேகத்திற்கும் எல்லை இருந்தது. அதிர்வெண் உயரும்போது இரும்புக் காந்த முனைகளிலும் செம்பு மூசையிலும் சுழல் மின்னோட்டங்கள் தோன்றி மாறும் புலத்தை வலுவிழக்கச் செய்கின்றன. கட்டளையிட்ட வீச்சும் கிடைத்த வீச்சும் வேறுபட்டன. அவ்வேறுபாட்டைக் காட்டியது காட்சிச் சாளரத்தின் வழியே தெரிந்த ஒளிர்புள்ளி மட்டுமே. அதனைக் கண்ணால் கண்டு குமிழைத் திருகிய இயக்குநரின் பட்டறிவே அக்காலக் கட்டுப்பாட்டின் கடைசிக் கண்ணி.

6. படிகம் கண்டதும் காணாததும்

குவார்ட்ஸ் படிகத்தின்மீது படியும் நிறைக்கு ஏற்ப அதன் அதிர்வெண் குறைவதை 1959இல் கியுந்தர் சவர்ப்ரை விளக்கினார். இதன் வழியே படலம் வளரும் வீதத்தை அப்போதைக்கப்போது அளந்து, கற்றையின் திறனைத் தானாகவே சீர்செய்ய இயன்றது. இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் படிகம் தான் இருக்கும் ஒரு புள்ளியில் வந்துசேரும் ஆவியை மட்டுமே அறியும்.

கற்றை குழி தோண்டி ஆவியின் வீச்சு படிகத்தை விட்டு விலகினால், படிகம் அதனை வீதக் குறைவாகவே உணரும். கட்டுப்பாட்டுக் கருவி திறனைக் கூட்டும். குழி மேலும் ஆழமாகும். வீச்சு மேலும் ஒடுங்கும். திரையில் வீதம் சரியாக இருக்க, வில்லைகளின்மீது படலம் தவறாக வளரும். அளவைக் கட்டுப்படுத்தும் வளையம் மூடப்பட்ட பின்னரும் இருப்பிடத்தைக் கட்டுப்படுத்தும் வளையம் திறந்தே இருந்தது என்பதை இது காட்டுகிறது. திறனைத் தானியங்கியாக்கியதும் முழுக் கட்டுப்பாடு கிட்டிவிட்டதாகக் கருதுவது பொருந்தாது.

7. இருப்பிடத்திலிருந்து நேரத்திற்கு

பெரும்பரப்புப் பூச்சிலும் தடித்த படலங்களிலும் கட்டுப்பாடு மற்றொரு கட்டத்தை அடைந்தது. 1955இல் டிரெஸ்டனில் அமைந்த ஆர்டென்னேயின் ஆய்வு நிறுவனம் உலைகளுக்கும் ஆவியாக்கலுக்கும் உரிய ஆற்றல்மிகு எலக்ட்ரான் துப்பாக்கிகளை உருவாக்கியது. வருடும் நுண்ணோக்கியை அமைத்தவரின் பெயர் உருக்கும் துப்பாக்கியோடும் இணைந்தமை தற்செயலன்று. கற்றையை நகர்த்தும் அறிவு ஒரு துறையிலிருந்து மற்றொன்றுக்கு மனிதர்கள் வழியே சென்றதற்கு அது சான்று. கீவ் நகரின் பேட்டன் நிறுவனத்தில் மோவ்சானும் டெம்சிஷினும் எலக்ட்ரான் கற்றையால் படியவைத்த தடித்த படலங்களை ஆராய்ந்து, படலத்தின் உள்ளமைப்பு அது படியும் வெப்பநிலையைச் சார்ந்து மூன்று மண்டலங்களாக மாறுவதை 1969இல் வெளியிட்டனர்.

விசையாழி அலகுகளுக்கான சிர்கோனியா வெப்பத்தடுப்புப் பூச்சில் ஒரே கற்றை பல பொருள்தண்டுகளின்மீது மாறிமாறித் தாவுகிறது. கற்றை நகரும் வேகத்தோடு ஒப்பிட உருகிய குளம் மிக மெதுவாகவே குளிர்கிறது. ஆகவே கற்றை ஒன்றேயாயினும் ஒவ்வொரு குளமும் இடைவிடாது சூடாவதுபோல் அமைகிறது. ஒவ்வொன்றிலும் கற்றை தங்கும் நேரத்தின் விகிதமே அவற்றுக்குச் செல்லும் வெப்பத்தைப் பங்கிடுகிறது. இரு வேறு உலோகங்களின்மீது இவ்வாறு தாவச்செய்தால் படலத்தின் கலவை விகிதத்தையே மாற்றலாம். இடத்தின் கட்டுப்பாடு இங்கு நேரத்தின் கட்டுப்பாடாகவும், அதன்வழி பொருளின் கட்டுப்பாடாகவும் மாறுகிறது. நுண்செயலிகளின் வருகைக்குப்பின் பாதை, தங்கும் நேரம், திறன் ஆகியன ஒவ்வொரு பொருளுக்கும் உரிய எண்தொகுதியாக நினைவகத்தில் சேமிக்கப்பட்டன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். கதிரின் வெப்பமாக்கும் பண்பும் வளையும் பண்பும் 1879ஆம் ஆண்டளவிலேயே அறியப்பட்டிருந்தன. அவை ஒரே கருவியில் பயன்தரும் வகையில் இணைய ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆயின. அவ்விணைப்புக்குப்பின் ஒவ்வொரு கட்டுப்பாட்டு முறையும் எலக்ட்ரான் கோட்பாட்டின் புதுமையால் தோன்றவில்லை. இழையில் படிந்த ஆவி, மூசையில் தோன்றிய குழி, படிகம் காட்டிய தவறான வீதம் எனப் பொருள் காட்டிய எதிர்ப்பே அவற்றைத் தூண்டியது.

இந்நுட்பத்தின் வரலாற்றைத் துப்பாக்கி வடிவமைத்தோரின் காப்புரிமைகளிலிருந்து மட்டும் எழுதினால், சாளரத்தின் வழியே ஒளிர்புள்ளியைக் கண்டு கற்றையை நகர்த்திய இயக்குநரின் அறிவு விடுபட்டுப்போகும். இன்று நினைவகத்திலுள்ள அலைவு வடிவங்கள் அவ்வறிவின் எண்வடிவமே. ஒரே கருவியும் ஒரே பொருளும் இருக்க, இரு ஆய்வகங்களின் படலங்கள் ஏன் வேறுபடுகின்றன என்று வினவும் ஆய்வாளர் திறன், அழுத்தம், வீதம் ஆகியவற்றோடு கற்றையின் பாதையையும் பதிவுசெய்தல் வேண்டும். அப்பதிவு இல்லாத ஆய்வுமுடிவை மற்றொருவர் மீண்டும் செய்து சரிபார்ப்பது அரிது.