நல்ல குடல் எப்படி இருக்கும்? வேலூரில் எழுந்த கேள்வி

1823-ல பிரெஞ்சுக்காரங்க தொடங்கின மருத்துவப் பள்ளி, 1964-ல கோரிமேட்டில் ஜிப்மரா மாறின கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த ஜிப்மர் வாசல் டீக்கடையில ஒரு மாணவர் என்கிட்ட கேட்டார்: "குடல் அழற்சி நோய்ல ஆராய்ச்சி பண்ணணும்னா வெளிநாடுதான் போகணுமா சார்?" அவருக்கு நான் சொன்னது வேலூர்க் கதை.

1960-களின் தொடக்கம். வட ஆற்காடு கிராமங்கள்ல டிராபிக்கல் ஸ்ப்ரூ ஊர் ஊராப் பரவுது. வாரக்கணக்கா நிக்காத பேதி, சாப்பிட்டது உடம்புல ஒட்டாம ஆள் உருகிப்போவாங்க, உயிர்ப்பலியும் இருந்தது. சி.எம்.சி.யில் இருந்த ஆஸ்திரேலிய மருத்துவர் செல்வின் பேக்கரும், அவரோட உழைத்த வி.ஐ. மாத்தனும் அந்தக் கிராமங்களுக்கே போனாங்க.

நோயாளியின் சிறுகுடல் கெட்டிருக்குன்னு சொல்லணும்னா, நல்ல குடல் எப்படி இருக்கும்னு தெரியணும் இல்லையா? ஆரோக்கியமா இருந்தவங்களையும் குழாயை விழுங்க வெச்சு, துளி சதை எடுத்துப் பார்த்தாங்க. அங்கதான் ஆச்சரியம். குடலுறிஞ்சிகள் விரல் மாதிரி நீளமா இல்லாம, இலை மாதிரி அகலமா, குட்டையா இருந்தது. எதிர்ப்பு செல்களும் அதிகம். மேல்நாட்டுப் பாடப்புத்தகப்படி பார்த்தா நம்ம ஊர்ல நல்லா இருக்கிறவரும் நோயாளி!

இது இனத்தால வந்ததா, இடத்தால வந்ததா? அன்றைய பாகிஸ்தானில் தங்கியிருந்த அமெரிக்கத் தொண்டர்களின் குடலும் இப்படி மாறினதை 1966-ல லிண்டன்பாம் குழுவினர் எழுதினாங்க; ஊர் திரும்பினதும் அது சரியாச்சு. ஆக, இடம்தான்.

குரோன் நோயிலும் இதே சிக்கல் இன்னிக்கும் இருக்கு. பயாப்ஸியில் அது குடல் காசநோய் மாதிரியே தெரியலாம். தப்பாப் புரிஞ்சுக்கிட்டு காசநோய்க்காரருக்கு ஸ்டீராய்டு கொடுத்தா நோய் பரவிடும்.

அந்த வேலூர் மரபில் மின்னி மாத்தன் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் குடலைப் பார்த்தார். பி.எஸ். ராமகிருஷ்ணா, பெருங்குடல் செல்களுக்கு உணவாகும் கொழுப்பு அமிலங்களைத் துரத்தினார். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் அந்தச் செல்களின் பட்டினியோன்னு 1980-ல கேட்ட ரோடிகரோட சேர்ந்தும் எழுதினார். அந்த யோசனை காலராவுக்கும் உதவிச்சு: எளிதில் செரிக்காத மாவை உப்பு-சர்க்கரைக் கரைசலில் சேர்த்தால் பேதி குறையுதுன்னு 2000-ல 48 நோயாளிகள்கிட்ட காட்டினாங்க. அதே துறையில் உழைத்த ககன்தீப் காங் 2019-ல ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண்.

எல்லாம் கேட்டுட்டு மாணவர் டம்ளரை வெச்சார். "நல்லா இருந்தவங்க எதுக்கு சார் குழாயை விழுங்கச் சம்மதிச்சாங்க?" எனக்குப் பதில் தெரியலை.