குடைநிழல் உரிமை

வெண்கொற்றக்குடை என்றவுடன் அதனை அரச சின்னம் என்று கூறி அமைதல் உரைகாரர் பலர்க்கும் இயல்பு. சின்னமான பின்னும் குடை வெயில் காக்கும் தன் பழந்தொழிலை இழந்திலது என்பதும், அத்தொழிலை நினைவிற் கொண்டாலன்றிச் சில பாடல்களின் பொருள் முழுதும் விளங்காது என்பதும் ஈண்டுக் காட்டப்படும்.

கலித்தொகை 9ஆம் பாட்டில் பாலைவழி வரும் அந்தணர் கதிரின் வெம்மையைக் குடையால் தாங்கி வருகின்றனர். உறியில் தொங்கும் கரகமும் முக்கோலும் உடன் கூறப்படுதலின் இக்குடை வழிநடைப் பொருளே. அரசுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

வேந்தன் குடையோ திங்களுக்கு ஒப்பாகும். வட்டமும் வெண்மையுமே ஒப்புமைக்குக் காரணம் என்பர். அது போதாது. புறநானூறு 60இல் உறையூர் மருத்துவன் தாமோதரனார் பாட்டில், மதியைக் கண்டு சோழன் குடையென்று தொழுவோர் விறலியொடு சுரவழியில் நிற்பவர். சுரத்தின் வெம்மை அறிந்தார்க்கே அத்தண்மை தோன்றும். கண்ணகி வெயில் பொறாள் எனக் கருதிக் கோவலன் மதுரை வழியை நிலவில் கடக்கத் துணிந்ததைப் புறஞ்சேரியிறுத்த காதையும் கூறும். குடையில்லா வழிப்போக்கர்க்குத் திங்களே குடை போலும்!

இக்கருத்தை அரசியலாக்கியவர் வெள்ளைக்குடி நாகனார். புறநானூறு 35இல், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை நோக்கி, குடையின் பயன் வெயில் தடுத்தலோடு அமையாது. வருந்தும் குடிகளுக்கு அது நிழலாதல் வேண்டும் என்கிறார். இதனை வெறும் புகழுரையாகக் கொள்வார் பாட்டின் கீழுள்ள பழங்குறிப்பை மறந்தவராவர். செலுத்தப்படாதிருந்த பழைய நிலக்கடனைப் புலவர் இப்பாட்டால் நீக்கிக்கொண்டார் என்பது அக்குறிப்புத் தரும் செய்தி. உழவர் பக்கம் நின்று வாதிடுதற்குக் குடையின் எளிய தொழிலே அவர்க்குச் சான்றாயிற்று.

ஆயினும் சின்னமான பொருள் எல்லார்க்கும் உரியதாக நின்றிலது. வெயிலினின்று உடலைக் காத்தலும் காலப்போக்கில் வரிசையாயிற்று. கோனேரின்மைகொண்டான் பெயரால் அமைந்த கொங்குநாட்டுக் கல்வெட்டொன்று, இரட்டைச் சங்கு ஊதுதல், வீட்டுக்குச் சாந்திடுதல் ஆகியவற்றோடு வெளியே செல்லுங்கால் செருப்பணிதலையும் கம்மாளர்க்குப் புதிதாக வழங்குகின்றது. வழங்கவேண்டியிருந்தது என்பதே முன்னைய தடைக்குச் சான்று.

இத்தகைய தடை 19ஆம் நூற்றாண்டிலும் தென்திருவிதாங்கூரில் இருந்தது. ஆங்கு நாடார் மக்கள் குடை பிடித்தற்கும் செருப்பணிதற்கும் உரிமை பெற்றிலர். 1859ஆம் ஆண்டு ஆணையில் முடிந்த மேலாடைப் போராட்டம் பலரும் எழுதியது. குடைத்தடை அத்துணை ஆராயப்பெறவில்லை. பனையேறுதல் அவருட் பலர்க்குத் தொழில். வெயிலில் நின்று செய்யும் தொழில். ஓலைக்குடையோ அப்பனையின் ஓலையாலும் முடையப்படுவது.