இறப்பரும் அரிசியும் தாய்ச்சியும்: இரத்தினபுரியிலிருந்து ஒரு நோக்கு

சீனத்திலே தோன்றிய தாய்ச்சி எனும் மென்னசைவுப் பயிற்சி உடல்நலத்துக்கும் மன அமைதிக்கும் உரிய சாதனமாக இன்று உலகெங்கும் போற்றப்படுகின்றது. 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை மானிடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. சப்பிரகமுவப் பெருந்தோட்டத் தமிழரின் வரலாற்றை ஆராய முற்படும் நாம் இதனைப் பொருளாகக் கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும், சீனத் தொழிலாளரிடையே இப்பயிற்சி பரப்பப்பட்ட காலமும் இரத்தினபுரித் தொழிலாளர் சீனத்துக்கென இறப்பர்ப் பால் வெட்டிய காலமும் ஒன்றே என்பது நோக்கற்பாலது.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். காஞ்சியிலிருந்து சென்ற போதிதர்மரே சீனர்க்கு இக்கலைகளைக் கற்பித்தார் எனத் தமிழர் பலர் பெருமிதத்துடன் கூறுவர். 2011இல் வெளியான ஒரு திரைப்படத்தின் பின் இக்கூற்று மேலும் வலுப்பெற்றது. போதிதர்மரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல் 6ஆம் நூற்றாண்டினது. அது அவரை மேற்குத் திசை நாட்டவர் என்கிறது. 7ஆம் நூற்றாண்டு நூலொன்றே தென்னிந்தியர் எனக் கூறுகின்றது. அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் நூலோ 17ஆம் நூற்றாண்டுக்குரியது. அதன் பொய்ம்மையைச் சீன ஆய்வாளர் தாங் ஹாவே எடுத்துக்காட்டினார். நமக்கு உரிமையில்லாத பெருமையை நாடுவதால் ஆய்வு வளராது.

தாய்ச்சியின் வரலாற்றை ஹெனான் மாகாணத்துச் சென் கிராமத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம். மிங் ஆட்சியின் இறுதியில் வாழ்ந்த சென் வாங்டிங் அதன் முதல்வராகக் கருதப்படுகின்றார். வேலை மிகுந்தபோது உழுது, ஓய்ந்திருந்தபோது பயிற்சிகளை அமைத்ததாக அவர் பெயரால் வழங்கும் பாடலின் கருத்து அமைகின்றது. ஓய்வு என்னும் இச்சொல்லுக்குப் பின்னர் மீள்வோம். அக்கிராமத்திற் பயின்ற யாங் லூசான் (1799–1872) பீக்கிங்கில் மஞ்சூப் பிரபுக்களுக்கு இதனைக் கற்பித்தார். அவர் பேரன் யாங் செங்பூ அசைவுகளை மெதுவானவையாகவும் சீரானவையாகவும் ஆக்கினார். போர்க்கலை பொதுமக்களுக்கேற்ற பயிற்சியாக உருமாறியது இவ்வழியிலேயே.

இரத்தினபுரிக்கும் சீனத்துக்குமிடையிலான தொடர்பு பழையது. செங் ஹோவின் கடற்பயணங்களிற் பங்குகொண்ட மா குவான், சிவனொளிபாதமலையையும் பெருமழையில் மணலோடு அடித்துவரப்படும் மணிக்கற்களையும் விவரித்துள்ளார். 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பெற்றுக் காலியிற் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டிற் சீனத்தோடும் பாரசீகத்தோடும் தமிழும் இடம்பெற்றது. ஆயினும் மணிக்கல் வணிகரின் உறவு வேறு, இறப்பர்த் தொழிலாளரின் உறவு வேறு.

கொரியப் போரையொட்டி 1951இல் ஐக்கிய நாடுகள் சபை சீனத்துக்குப் போர்ப்பயனுடைய பொருள்களை அனுப்புவதைத் தடைசெய்யுமாறு கேட்டது. இலங்கையோ அரிசிப் பஞ்சத்தாலும் இறப்பர் விலை வீழ்ச்சியாலும் நெருக்கடிக்குள்ளாகியிருந்தது. 1952 டிசெம்பரில் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா பீக்கிங்கில் ஐந்தாண்டு உடன்படிக்கையொன்றைச் செய்தார். ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரைச் சந்தை விலையினும் கூடிய விலைக்குச் சீனம் வாங்கும். 2,70,000 தொன் அரிசி தரும். அமெரிக்கா உதவியை நிறுத்தியது. உடன்படிக்கையோ 1982 வரை புதுப்பிக்கப்பட்டு வந்தது. இரத்தினபுரி, கேகாலை, களுத்துறை மாவட்டங்களே இறப்பரின் முதன்மை நிலங்கள். அங்கு பால் வெட்டியோரில் தமிழர் பெருந்தொகையினர்; அவர்களை 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியிருந்தது. வாக்கும் பறிபோயிருந்தது. நாட்டுக்குச் சோறு கொணர்ந்த கைகளுக்கு அந்நாடு உரியதன்று என்றது அந்நாட்டின் சட்டம்.

1956இல் சீன அரசின் உடற்பயிற்சி ஆணைக்குழு யாங் மரபைச் சுருக்கி 24 அசைவுகள் கொண்ட வடிவமொன்றை அமைத்தது. ஐந்தாறு நிமிடத்தில் முடியக்கூடியது. பூங்காவிலும் தொழிற்சாலை முற்றத்திலும் யாரும் பயிலலாம். முழங்கால் சற்று வளைய, உடற்பாரம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெல்ல மாறும். மூச்சு அசைவைத் தொடரும். நடுக்குவாத நோயாளரின் சமநிலையை இப்பயிற்சி மேம்படுத்துவதை 2012இல் வெளியான மருத்துவ ஆய்வொன்று காட்டியது.

இனிப் பால்வெட்டுபவரை நோக்குவோம். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, 200, 300 மரங்களைச் சுற்றிவர வேண்டும். பால் வடிவது காலைக் குளிரிலேயே மிகுதி. ஆதலால் வெயிலோடு போட்டி. ஒவ்வொரு மரத்தின் முன்பும் உடல் வளைகின்றது. கத்தி சாய்வாகப் பட்டையை மெல்லச் சீவுகின்றது. ஆழம் குறைந்தாற் பால் வராது. சிறிது கூடினால் மரம் காயப்படும். மூச்சடக்கமும் கையுறுதியும் கால்நிதானமும் இங்கும் உண்டு. பின் சிரட்டைகளிற் சேர்ந்த பாலை வாளியிற் சேர்த்துச் சரிவிலே சுமக்கவேண்டும். வழுக்கும் மண், அட்டைக்கடி. பெண்ணாயின் லயத்துக்கு மீண்டபின் அடுப்பும் தண்ணீர்க்குடமும் காத்திருக்கும். உடலறிவில் இவர் தாய்ச்சி பயில்பவருக்குக் குறைந்தவரல்லர். வேகத்தைத் தீர்மானிக்கும் உரிமையே இவரிடமில்லை. மெதுவாக அசைதல் ஒருவருக்கு நலப்பயிற்சி; இவருக்கோ அரைப்பேர் போடப்படும் குற்றம்.

சீனத்தை நாம் இலட்சிய நாடாக்கவில்லை. அங்கும் தொழிலாளியின் உடல் உற்பத்திக்காகவும் பாதுகாப்புக்காகவுமே பேணப்பட்டது எனக் கூற இடமுண்டு. 1959–61 பஞ்சத்திற் கோடிக்கணக்கானோர் மடிந்தபோது உடற்பயிற்சி எவரையும் காக்கவில்லை. கலாசாரப் புரட்சியில் பழைய ஆசான்கள் பலர் இழிவுபடுத்தப்பட்டனர். எனினும் தொழிலாளியின் உடல்நலம் அரசின் பொறுப்பு என்ற கொள்கை அங்கே ஏட்டிலேனும் இருந்தது. அக்காலத்து இலங்கையிலோ தோட்ட மருத்துவம் பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் கையிலிருந்தது.

தோட்டத்துக்கும் தனக்கென ஓர் அசைவு மரபு உண்டு. மாசியிற் காமன் கூத்து, திருவிழாக்களிற் கும்மியும் கோலாட்டமும், மாலையிற் சிலம்பம். தப்பிசைக்கு அடியெடுத்து வைக்கும் இவை லயத்துச் சிறுமுற்றத்தில், பகல் வேலைக்குப் பின் எஞ்சிய வலிமையால் ஆடப்பட்டவை. சென் கிராமத்தார்க்கு வாய்த்த ஓய்வு இவர்க்கு வாய்த்ததில்லை. கூத்தை நாட்டாரியலாகப் பதிவுசெய்தோர் உளர். ஆடியவரின் முழங்காலையும் முதுகையும் மூச்சையும் பற்றி எழுதியோர் மிக அரியர். இறப்பர் ஏற்றுமதிக்குத் தொன் கணக்கு உண்டு. அதனை வெட்டியோரின் உடற்கணக்கைத் தேட, தோட்ட மருந்தகப் பதிவேடுகளும் முதியோரின் வாய்மொழியுமே நமக்குரிய சான்றுகள். அம்முதியோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.