கைத் தழும்பும் கரப்பானும்

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

நம்ம தோட்டங்களில் வயதான பாட்டிமாரின் கையில் பெரிய தழும்பு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். பெரியம்மைக்குக் குத்தியது. (இளையவர்களுக்கு இருப்பது காசநோய்க்கான பிசிஜி தழும்பு, அது வேறு.)

கோப்பிக் காலத்தில் தோட்ட மக்களின் முன்னோர் மன்னார்ப் பக்கமிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்தார்கள். கொலராவும் பெரியம்மையும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. பிறகு இலங்கை அரசு இந்தியக் கரையிலேயே, மண்டபத்தில் ஒரு முகாம் அமைத்தது. 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியது. கங்காணிமார் கூட்டிவந்த சனங்களை மண்டபம் கேம்ப்பில் சில நாள் மறித்து வைத்து, அம்மை குத்திய பிறகே கப்பலேற்றினார்கள். கொவிட் காலத்தில் நாம் பார்த்த கொரண்டைன் மாதிரித்தான். இரக்கத்தைவிட, தோட்டத்தில் ஆள் குறையக்கூடாது என்ற கணக்கே இதில் பெரிது என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் உயிர்கள் தப்பின.

1796இல் ஜென்னர் தொடக்கிய இந்த அம்மை குத்தலில் உயிருள்ள வைரஸ் ஒன்று இருக்கும். அது பெரியம்மைக்குச் சொந்தக்கார வைரஸ், ஆனால் சாது. குத்திய இடத்தில் ஒரு கொப்புளம், ஒரு பொருக்கு, ஒரு தழும்பு, அவ்வளவுதான். கரப்பான், அதாவது எக்சிமா, உள்ளவர்களுக்கோ அந்தச் சாது வைரஸ் உடம்பெல்லாம் பரவிச் சிலரைக் கொன்றது. குத்தியவரின் புண்ணைத் தொட்டாலே போதும். அதனால் கரப்பான் உள்ளவருக்குக் குத்தக்கூடாது என்று பின்னாளில் விதி செய்தார்கள்.

காரணம் தோல்தான். லயத்துக் கூரைத் தகரம் துருப்பிடித்தால் மழை உள்ளே இறங்கும் அல்லவா? கரப்பான் தோலின் மேல்படையும் அப்படித்தான். அழற்சியால் கிருமியைத் தடுக்கும் சத்துகளும் அங்கே குறைந்துபோகின்றன.

1980இல் பெரியம்மை உலகத்திலேயே ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். கதை அத்தோடு முடியவில்லை. 2007இல் அமெரிக்காவில், அம்மை குத்திக்கொண்ட ஒரு படைவீரரிடமிருந்து கரப்பான் உள்ள அவருடைய இரண்டு வயது மகனுக்குத் தொற்றி, பிள்ளை வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது.

நமக்கு நெருக்கமானது இன்னொன்று. 1887இல் வியன்னாவில் கபோசி என்ற தோல் மருத்துவர், கரப்பான் உள்ள பிள்ளைகளுக்குத் திடீரென வரும் கொப்புள நோயொன்றை விவரித்தார். அதற்குக் காரணம் ஹெர்பிஸ் வைரஸ் என்பது பிறகுதான் தெரிந்தது. காய்ச்சலோடு உதட்டோரம் வரும் சின்னக் கொப்புளத்தின் அதே வைரஸ். ஒரே காம்பிராவில் எல்லோரும் படுக்கும் லயத்தில், உதட்டில் கொப்புளத்தோடு பிள்ளையைக் கொஞ்சினாலே தொற்றும்.

பெரியம்மையும் சின்னமுத்தும் வேறுவேறு என்று ஆயிரம் வருடங்களுக்கு முன்பே பிரித்து எழுதியவர் அர்-ராஸி. நம் வீடுகளில் இன்றும் காய்ச்சலோடு கொப்புளம் வந்தால் எல்லாமே அம்மைதான். கொப்புளிப்பான் நல்ல தோலிலும் சிதறி வரும். இதுவோ கரப்பான் இருக்கும் இடத்தில் கூட்டமாக, ஒரே அளவில் வந்து, உடைந்து வட்டக் குழிப்புண்ணாகும். கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து. இதற்கு அசைக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது. அதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் கெர்ட்ரூட் எலியன், 1988இல் நோபல் பரிசு பெற்ற பெண்மணி. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

வேப்பிலை வாசலில் இருக்கட்டும், மக்களின் நம்பிக்கையைப் பற்றி நான் பேசவில்லை. பிள்ளையை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். டொக்டரிடம் "அம்மை" என்று மட்டும் சொல்லாமல், முன்பே கரப்பான் இருந்ததையும், வீட்டில் யாருக்காவது உதட்டில் கொப்புளம் வந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.