அப்பா ரிட்டயர் ஆகப்போறாரா? செட்டில்மென்ட் பணத்தைத் தொடும் முன் பிள்ளைகள் இதைப் படிங்க!

"வர்ற 31-ம் தேதியோட முடியுது" என்று அப்பா ஒருநாள் ராத்திரி தோசை சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் 30 வருஷம். எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? 'அப்போ ஃபிளாட்டுக்கு டவுன் பேமென்ட் ரெடி.' சொல்லவே கூச்சமா இருக்கு. ஆனால், அந்த மாதம் அப்பாவின் பணத்துக்குத் திட்டம் போட்டது நான் மட்டும் இல்லை. தங்கைக்கு எம்.பி.ஏ, சித்தப்பாவுக்குக் கைமாத்து, மாடிவீட்டு அங்கிளுக்கு 'செம ரிட்டர்ன்' தரும் ஒரு ஸ்கீம். அப்பாவிடம் மட்டும்தான் எந்தத் திட்டமும் இல்லை.

ஓய்வுக்கால அட்வைஸ் எல்லாம் ஓய்வு பெறுகிறவருக்குத்தான் எழுதப்படுது. இது அவருடைய பிள்ளைகளுக்கு. ஓ.டி.பி பார்த்துச் சொல்றதும், ஃபார்ம் நிரப்புறதும் நாமதான். அந்தப் பணத்தை முதல்ல கேட்கிறதும் பெரும்பாலும் நாமதான்.

மொத்தம் எவ்வளவு வரும்?

தனியார் வேலை என்றால் பொதுவாக மூன்று வழியில் வரும். பி.எஃப் பணம், கிராஜுவிட்டி, பி.எஃப் அலுவலகம் தரும் மாத பென்ஷன்.

பி.எஃப் எவ்வளவு என்பதை பாஸ்புக்கிலேயே பார்த்துவிடலாம். கிராஜுவிட்டிக்கு ஒரு எளிய கணக்கு இருக்கு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வேலை பார்த்த வருஷங்களால் பெருக்கணும். அந்தச் சம்பளம் 40,000 ரூபாய், சர்வீஸ் 30 வருஷம் என்றால் சுமார் 6 லட்சத்து 92 ஆயிரம். தனியார் ஊழியர்களுக்கு 20 லட்சம் வரை கிராஜுவிட்டிக்கு வரி இல்லை.

பென்ஷன்தான் பல வீடுகளில் ஷாக். குறைந்தது 10 வருஷம் சர்வீஸ் இருந்தால் 58 வயதிலிருந்து கிடைக்கும். ஆனால், கணக்கில் எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2014 செப்டம்பரில்தான் அது 6,500 ரூபாயிலிருந்து 15,000 ஆனது. அதனால், கடைசியில் அரை லட்சம் சம்பளம் வாங்கியவருக்கும் பெரும்பாலும் மாதம் சில ஆயிரம்தான் வரும். குறைந்தபட்சம் என்று அரசு நிர்ணயித்திருப்பது 1,000 ரூபாய். அப்பாவின் பென்ஷன் தொகையைப் பார்த்துட்டு அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "இது கரன்ட் பில்லுக்கா, கேஸுக்கா?"

லட்சத்தை மாசமா மாத்திப் பாருங்க

40 லட்சம் கைக்கு வருது என்று வெச்சுக்குவோம். கேட்க நல்லாத்தான் இருக்கு. வீட்டுச் செலவு மாதம் 30,000 என்றால் வருஷத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். வட்டி இல்லாமல் எடுத்துச் சாப்பிட்டால் 11 வருஷத்தில் தீர்ந்துவிடும். அப்போ அப்பாவுக்கு 69 வயசு, அம்மாவுக்கு அதைவிடக் கம்மி. விலைவாசி வருஷத்துக்கு 6 சதவிகிதம் ஏறினால், இன்று 30,000 ஆகும் அதே செலவு 12 வருஷத்தில் 60,000 ஆகிடும்.

இப்போ என் டவுன் பேமென்ட்டுக்கு வருவோம். நான் கேட்க நினைத்தது 10 லட்சம். அதை 8.2 சதவிகித வட்டியில் போட்டால் வருஷத்துக்கு 82,000 வரும், மாதம் சுமார் 6,800 ரூபாய். அதாவது நான் கேட்க இருந்தது, அவங்க ரெண்டு பேரோட மாத வருமானத்தில் 6,800 ரூபாயை, இனி எல்லா மாதமும். எனக்கு பேங்க் ஹோம் லோன் தரும். 70 வயசில் மளிகை வாங்க அப்பாவுக்கு யார் லோன் தருவாங்க? ஃபிளாட் பேச்சை நான் எடுக்கவே இல்லை. (எடுக்காததால் கிடைத்த நல்ல பெயரும் இல்லை. யாருக்கும்தான் தெரியாதே!)

எங்கே போடலாம்?

முதல் சாய்ஸ், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். தபால் நிலையத்திலும் பல வங்கிகளிலும் இருக்கு. 2023 ஏப்ரலில் உச்சவரம்பு 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்தது, வட்டியும் 8.2 சதவிகிதம் ஆனது. வட்டியை அரசு மூணு மாசத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யும் என்பதால், சேரும் நாளில் என்ன விகிதம் என்று பார்த்துக்கோங்க. சேர்ந்தபின் அஞ்சு வருஷத்துக்கு அது மாறாது. 30 லட்சம் போட்டால் காலாண்டுக்கு 61,500 ரூபாய், மாதக் கணக்கில் 20,500.

இதில் பலரும் கோட்டை விடுற இடம் ஒண்ணு உண்டு. சாதாரணமாக 60 வயசு ஆகியிருக்கணும். 55-லிருந்து 60-க்குள் ஓய்வு பெறுகிறவரும் சேரலாம்தான், ஆனால் ஓய்வூதியப் பலன்கள் கைக்கு வந்த மூணு மாசத்துக்குள் சேரணும், அதற்கான சான்றும் வேணும். 'மெதுவா யோசிக்கலாம்' என்று விட்டால், 58 வயசுக்காரர் 60 வரை காத்திருக்கணும். இன்னொன்று, ஒரு வருஷம் முடியும் முன் கணக்கை மூடினால் கொஞ்சம் பணத்தைப் பிடிச்சுக்குவாங்க. அதனால் அவசரத் தேவைக்கான பணத்தை இதில் போடக் கூடாது.

மாதாமாதம் வட்டி வேணும்னா தபால் நிலைய மாத வருமானத் திட்டம் இருக்கு. தனிக்கணக்கில் 9 லட்சம், கூட்டுக்கணக்கில் 15 லட்சம் வரை போடலாம். வட்டி இதைவிடக் கம்மி. ரெண்டு திட்டத்திலும் வட்டிக்கு வரி உண்டு.

ஆறு மாசச் செலவுக்கான பணம் பேங்கில் இருக்கட்டும். வங்கி திவாலானால் டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டியும் சேர்த்து 5 லட்சம்தான். ஃபிக்சட் டெபாசிட்டை ரெண்டு மூணு பேங்கில் பிரிச்சுப் போடுறது அதனால்தான். எல்லாக் கணக்கிலும் நாமினி பெயர் இருக்கான்னு கண்டிப்பா பாருங்க. அப்பாவின் பழைய கணக்கு ஒன்றில் நாமினியாக இருந்தது, இறந்துபோன எங்கள் பாட்டி.

மாடிவீட்டு அங்கிளின் ஸ்கீம்? 2022-ல் வெடித்த ஆருத்ரா விவகாரத்திலும் மாதம் 25, 30 சதவிகிதம் வட்டி என்றுதான் சொன்னாங்க. பேங்க் வருஷத்துக்குத் தருவதைவிடப் பல மடங்கை ஒரு மாசத்தில் தர்றேன்னு யார் சொன்னாலும் டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிடுங்க. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோ காலில் மிரட்டுறவங்களும் வயசானவங்களைத்தான் குறிவைக்கிறாங்க. சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. பணம் போயிட்டா உடனே 1930-க்கு அடிங்க.

கடைசி நாளுக்கு முன்னாடி ஒரு வேலை

கம்பெனி கொடுத்த மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் வேலையோடு முடிஞ்சிடும். அம்மாவும் அதில்தான் இருந்திருப்பாங்க. சுகர், பி.பி மாதிரி ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குப் புது பாலிசியில் அதிகபட்சம் மூணு வருஷம் வரை காத்திருப்புக் காலம் உண்டு. அதனால் 55 வயசிலேயே தனி பாலிசி எடுத்திருந்தால், ரிட்டயர் ஆகும்போது அந்தக் காலம் முடிஞ்சிருக்கும். நாங்க எடுக்கலை. இப்போ ஒவ்வொரு மாஸ்டர் செக்கப்புக்கும் நெஞ்சு படபடக்குது.

வீட்டுக்குள்ள என்ன நடக்கும்?

முதல் வாரம் கல்யாண வீடு மாதிரி. சால்வை, போட்டோ, போன் மேல் போன். ரெண்டாவது மாசம் போன் நின்னுடுச்சு. அப்பா வழக்கம்போல அஞ்சரைக்கு எழுந்து, எட்டு மணிக்கு சட்டை போட்டு, ஹாலில் உட்கார்ந்திருந்தார். மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு வராவிட்டால் கோபம். ஒருநாள் சமையலறை டப்பாக்களையெல்லாம் 'சிஸ்டமேட்டிக்'காக மாத்தி அடுக்கிட்டார். அம்மாவுக்கு வந்த கோபத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. "காலையில 9 மணியிலேர்ந்து சாயங்காலம் 6 மணி வரைக்கும் முப்பது வருஷமா இது என் வீடு" என்றார். ரிட்டயர்மென்ட்டில் அம்மாக்களும் ஒன்றை இழக்கிறாங்க. அதை நாம யோசிக்கிறதே இல்லை.

அப்பாவை வெளியே அனுப்ப 'வாக்கிங் போங்க' என்பது உதவலை. வேலை மாதிரி ஒண்ணு வேணும். மார்க்கெட்டும் ரேஷனும் தபால் நிலையமும் அவர் பொறுப்புக்குப் போயிடுச்சு. போனில் முகத்தைக் காட்டி ஆயுள் சான்றிதழ் கொடுக்கும் 'ஜீவன் பிரமாண்' முறையை அவருக்கு நானே கற்றுக்கொடுத்தேன். இப்போ அவருடைய பழைய கம்பெனி நண்பர்கள் நாலு பேருக்கு அவர்தான் அதைச் செய்து தர்றார்.

பணம் கேட்கிறதுதான் அவருக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது. முப்பது வருஷம் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர், கண்ணாடி மாத்த என்னிடம் "ஒரு ரெண்டாயிரம் இருக்குமா?" என்று வாசலில் நின்று கேட்டார். பேங்கில் கோடி இருந்தாலும் இது நடக்கும். ஏன்னா அது சேமிப்பு, சம்பளம் இல்லை. இதற்கு நாங்க செய்தது சின்ன வேலைதான். வட்டி வந்து விழ ஒரு கணக்கு, செலவுக்கு ஒரு கணக்கு. ஒவ்வொரு மாதமும் ஒண்ணாம் தேதி குறிப்பிட்ட தொகை முதல் கணக்கிலிருந்து ரெண்டாவது கணக்குக்குத் தானாகவே போகும்படி பேங்கில் எழுதிக்கொடுத்தோம். ஏ.டி.எம் கார்டு அவர் சட்டைப் பையில்.

முதல் தடவை மெசேஜ் வந்த அன்னிக்கு, கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு போனை என் பக்கம் நீட்டினார். "கிரெடிட்டட்னுதானே போட்டிருக்கு?" சாயங்காலம் கால் கிலோ மிக்சரும் அம்மாவுக்குப் பூவும் வாங்கிக்கிட்டு வந்தார். சம்பள நாளில் எப்பவும் அதான் வாங்குவார்.