ஒரே கார்டில் பல நெறிமுறைகள்: கிள்ளான் பள்ளத்தாக்கு அலுவலகக் கணினிகள், 1985–2007

மலேசியத் தமிழர்களின் கணினி வரலாறு என்றாலே எழுத்துருவும் குறியீடும்தான் முன்னால் வந்து நிற்கும். 1985இல் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும், 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாடும் நாம் அடிக்கடி நினைவுகூரும் மைல்கற்கள். அந்த எழுத்துகள் பயணம் செய்த கம்பியைப் பற்றி நாம் குறைவாகவே பேசியிருக்கிறோம். பிரிக்பீல்ட்ஸின் கணக்காளர் அறைகளிலும் கிள்ளானின் ஃபார்வர்டிங் ஆபீஸ்களிலும் இருந்த 386, 486 கணினிகளுக்குள் இணையம் எப்படி நுழைந்தது? அது வந்தபோது வீட்டில் ஏற்கெனவே ஆள் இருந்தது. அந்தப் பழைய நெறிமுறைகளோடு அது ஒரே நெட்வொர்க் கார்டைப் பங்கிட்டுக்கொண்ட விதமே இக்கட்டுரையின் பொருள்.

வெளிக்கம்பியின் கதை தெரிந்ததே. 1985இல் மலேசிய நுண்மின்னணு ஆய்வு நிறுவனமான மிமோஸ் தொடங்கப்பட்டது. 1980களின் பிற்பகுதியில் அங்கே முகமது அவாங் லா தலைமையில் ரங்கோம் என்ற வலையமைப்பு உருவாகி, பல்கலைக்கழகங்களுக்கிடையே தொலைபேசி வழி அஞ்சலைக் கைமாற்றியது. அதைத் தொடர்ந்து வந்த ஜாரிங், 1992இன் இறுதியில் செயற்கைக்கோள் வழியே நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் அமெரிக்காவைத் தொட்டது. 1996இல் டிஎம்நெட் என்ற இணையச் சேவையும் வந்தது.

உள்கம்பியில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது வேறு. நோவெல் நெட்வேர் என்ற சர்வர் மென்பொருளும் அதன் ஐபிஎக்ஸ் நெறிமுறையும்தான் சிறு அலுவலகங்களுக்குத் தோதாக இருந்தன. ஐபிஎக்ஸில் கணினிக்கு யாரும் முகவரி எழுதித் தர வேண்டியதில்லை. கார்டில் பொறிக்கப்பட்ட 48 பிட் எண்ணே அதன் முகவரி. சர்வர் 60 நொடிக்கு ஒரு முறை தன் இருப்பைத் தானே அறிவிக்கும். கார்டைச் செருகி, கோ-ஆக்ஸியல் கேபிளை மாட்டி, இரு முனைகளிலும் டெர்மினேட்டரைத் திருகினால் கணக்கு மென்பொருள் ஓடும். இணையத்தின் நெறிமுறையான டிசிபி/ஐபிக்கோ ஒவ்வொரு கணினியிலும் முகவரி, மாஸ்க், கேட்வே என எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டும். ஓடுகிற கணக்கை நிறுத்திவிட்டு இதற்கு மாற எந்த முதலாளிக்கும் காரணம் இருக்கவில்லை.

தொடக்கத்தில் இரண்டும் சேர்ந்திருக்கவே வழியில்லை. நெட்வேரின் பழைய ஐபிஎக்ஸ் நிரல், குறிப்பிட்ட கார்டுக்கென்றே இணைத்துத் தயாரிக்கப்படும். அது ஏறியதும் கார்டு முழுவதும் அதன் வசமாகிவிடும். இன்னொரு நெறிமுறைக்குக் கதவு கிடையாது. எஃப்டிபி சாஃப்ட்வேர் வகுத்த பாக்கெட் டிரைவர், நோவெலும் ஆப்பிளும் வகுத்த ஓடிஐ, மைக்ரோசாஃப்டும் 3காமும் வகுத்த என்டிஐஎஸ் ஆகிய மூன்றும் 1980களின் இறுதிக்குள் இந்தக் கதவைத் திறந்தன. கார்டோடு பேசும் நிரலையும் நெறிமுறையையும் பிரித்து நடுவில் மெல்லிய அடுக்கு ஒன்றை அவை வைத்தன. சிறு அலுவலகத்தைப் பொறுத்தவரை அந்தச் செயற்கைக்கோள் இணைப்பைவிடப் பெரிய திருப்பம் இந்த அடுக்குதான் என்பது என் துணிபு.

அந்த அடுக்கு செய்த வேலையைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கார்டுக்கு வரும் ஒவ்வொரு பிரேமிலும் (தரவுப் பொட்டலத்திலும்) பெறுநர், அனுப்புநர் முகவரிகளுக்கு அடுத்து இரண்டு பைட்டுகள் இருக்கும். ஈதர்நெட் 2 முறையில் அவை உள்ளே இருக்கும் நெறிமுறையைச் சொல்லும். ஐபி என்றால் பதினறும எண்ணில் 0800, அதாவது தசமத்தில் 2048. நோவெலின் பழைய 802.3 முறையில் அதே இடத்தில் நீளம் இருக்கும். நீளம் 1500ஐத் தாண்டாது. ஆகவே எண் 1500க்குள் இருந்தால் ஐபிஎக்ஸ் பக்கம், 2048 என்றால் ஐபி பக்கம் என்று டிரைவர் பிரித்து அனுப்பிவிடும். ஓடிஐயின் அமைவுக் கோப்பான நெட்.சிஎஃப்ஜியில் இரு பிரேம் வகைகளையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதினால் போதும். அதில் ஒரு வரி பிசகினால், ஒரே ஐபிஎக்ஸ் பேசும் கணினியும் சர்வரும்கூட ஒன்றையொன்று காணாது. நெட்வேர் 3.11இலிருந்து 3.12க்கு மாறியவர்கள் பலர் இதில் சிக்கினார்கள். இயல்பான பிரேம் வகை 802.3இலிருந்து 802.2க்கு மாறியிருந்தது.

கிள்ளானில் இணையத்துக்கு முன்பே மோடத்துக்கு வேலை இருந்தது. 1990களின் நடுவில் கிள்ளான் துறைமுகத்தில் சுங்கப் பத்திரங்கள் டகாங் நெட் என்ற சேவையின் வழி மின்னணு முறைக்கு மாறத் தொடங்கின. அந்த நாட்களில் ஒரு ஃபார்வர்டிங் ஆபீசில் கணக்கெழுதிய அக்கா என்னிடம் சொன்ன குறை: மோடம் பேச ஆரம்பித்ததும் சர்வர் காணாமல் போய்விடுகிறது. பெட்டியைத் திறந்து பார்த்தால் கார்டு என்இ2000 வகை. அது இயல்பாக எடுத்துக்கொள்ளும் இன்டரப்ட் எண், அதாவது செயலியை அழைக்கும் எண், 3. மோடம் இருந்த காம்2 போர்ட்டுக்கும் அதே 3. நெறிமுறைகள் சண்டை போடவில்லை. அவற்றுக்கும் கீழே இரண்டு கருவிகள் ஒரே மணியை அடித்துக்கொண்டிருந்தன. ஜம்பரை 5க்கு மாற்றி, நெட்.சிஎஃப்ஜியிலும் 5 என்று எழுதியதும் இரண்டும் சேர்ந்து ஓடின. அந்த அக்காவின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்த தடை இடம். டாஸுக்கு வாய்த்தது 640 கிலோபைட். ஐபிஎக்ஸும் நெட்வேர் ஷெல்லும் டிசிபி/ஐபியும் அதில் ஏறி உட்கார்ந்த பின் கணக்கு மென்பொருளுக்கு இடம் போதாது. 1991இல் வந்த எம்எஸ்-டாஸ் 5, நிரல்களை மேல் நினைவகத்துக்குத் தள்ள வழி செய்தது. ஆட்டோஎக்ஸெக் கோப்பின் வரிசையை மாற்றி மாற்றி, பத்து இருபது கிலோபைட்டை மீட்பதே ஒரு மாலை நேர வேலை. விண்டோஸ் 3.1இல் டாஸ்மேனியாவின் பீட்டர் டாட்டம் எழுதிய டிரம்பெட் வின்சாக், மோடம் வழியாக ஜாரிங்கை அழைத்தது. கார்டு வழியாக ஐபிஎக்ஸ் தன்பாட்டுக்கு ஓடியது.

விண்டோஸ் 95 கார்டைக் கண்டதும் ஐபிஎக்ஸையும் நெட்பியூயி என்ற உள் நெட்வொர்க் நெறிமுறையையும் தானே நிறுவியது. டிசிபி/ஐபியை நாம்தான் சேர்க்க வேண்டும். இங்கே உடனிருப்பு பாதுகாப்பாகவும் பயன்பட்டது. நெட்பியூயி ரூட்டரைத் தாண்டாது. கோப்புப் பகிர்வை அதனோடு மட்டும் பிணைத்து, டிசிபி/ஐபியிலிருந்து அவிழ்த்துவிட்டால், மோடம் வழியே வெளியார் யாரும் அலுவலகக் கோப்புகளைத் தொட முடியாது. பழைய நெறிமுறையைச் சுமை என்று மட்டுமே பார்க்கும் வரலாறுகள் இதை விட்டுவிடுகின்றன.

பிறகு ஒவ்வொன்றாக விடைபெற்றன. 1998இல் நெட்வேர் 5 ஐபிஎக்ஸ் இல்லாமலே ஐபியில் இயங்கியது. அதே ஆண்டு வந்த ஸ்டார்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டு, உள் நெட்வொர்க் ஆட்டத்துக்கு ஐபிஎக்ஸையே கேட்டதால் அலுவலகம் கைவிட்ட நெறிமுறை விளையாட்டில் இன்னும் கொஞ்ச காலம் பிழைத்தது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி நெட்பியூயியைக் குறுவட்டின் மூலையில் ஒதுக்கியது. 2007இல் விஸ்டா ஐபிஎக்ஸை அடியோடு எடுத்துவிட்டது.

பிரேமின் அந்த இரண்டு பைட்டுகளுக்கு மட்டும் ஓய்வில்லை. இன்றைய கணினியில் ஐபி 4, ஐபி 6 இரண்டும் ஒரே கம்பியில் ஓடும்போது, முன்னதற்கு அதே 0800, பின்னதற்கு 86டிடி.